சிற்ப ‘வளர்ச்சி’ என்னும் வாய்பாடு: ஒரு மறுப்பு

சிற்பக்கலை கைவினையில் தொடங்கி நவீனத் தொழில்நுட்பத்தில் நிறைவெய்தியது என்னும் கூற்று ஆய்வேடுகளில் ஒரு வாய்பாடாகவே நிலைத்துவிட்டது. கல்லுளி முதற்படி, உலோக வார்ப்பு அடுத்த படி, சிமெண்டு அதற்கும் மேல், கணினிவழிச் செதுக்கும் எந்திரம் உச்சி எனப் படிவரிசை ஒன்று அமைக்கப்படுகின்றது. கருவியின் வரலாற்றைக் கலையின் வரலாறாகக் கொண்ட மயக்கத்தின் விளைவே இது. தமிழகத்தை அடுத்துள்ள இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் சான்றுகளே இதனை மறுக்கப் போதுமானவை.

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் வழியில் மறையூர்ப் பாறைகளின்மேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. மக்கள் அவற்றை முனியறை என்பர். அவற்றின் ஆற்றல் செதுக்கலில் இல்லை. கல்லைத் தெரிந்தெடுத்து நிறுத்திய முறையில் உள்ளது. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து ஆகிய ஆறனுள்ளும் செதுக்கல் தனித்துறையாகப் பெயர் பெறவில்லை. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைப் பெயர்களும் இவ்வழியினவே. (படிமம் இயற்றிய வித்தகரை இளங்கோவடிகள் மறந்தாரல்லர் என்பதும் உடன்கருதத்தக்கது.) கல்லைக் காண்பதையே கலையின் முதற்செயலாகக் கொண்ட மரபினை ‘தொடக்கநிலைக் கைவினை’ என்று ஒதுக்குவது எவ்வகையிற் பொருந்தும்?

பாலக்காட்டு மலம்புழையில் 1969-இல் கானாயி குஞ்ஞிராமன் படைத்த யட்சி இவ்வாய்பாட்டை வேறொரு முனையில் உடைக்கின்றது. சென்னை ஓவியக் கல்லூரியிலும் இலண்டன் ஸ்லேடு கலைப்பள்ளியிலும் பயின்றவர் அவர். பொருள் கான்கிரீட், ஆயின் அவ்வுருவம் கைவினையே. புதிய பொருள் கையை அகற்றவில்லை. அதற்குப் புதிய வேலை தந்தது. படிவரிசையில் யட்சியை எங்கே நிறுத்துவது?

இன்றைய செதுக்கும் எந்திரத்தின் நிலை இதனின் வேறு. முன்னரே உள்ள உருவம் ஒன்று ஒளிக்கதிரால் அளக்கப்படுகின்றது. அவ்வளவின்படி வைரமுனை சுழன்று கல்லைக் குடைகின்றது. இறுதி மெருகிற்கே கை அழைக்கப்படுகின்றது. இது படியெடுத்தல். தட்டிய ஓசையால் ஆண்கல், பெண்கல், அலிக்கல் என வகுத்தறியும் செவி அவ்வெந்திரத்திற்குத் தேவையில்லை. தேவையற்றதாகிய அறிவை எந்த மாணவன் பல்லாண்டு இருந்து கற்பான்? 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி இவ்வறிவைப் பாடமாக்கியது பெரும்பணி; எனினும் அதற்குத் தொழிற்களத்தில் இடமில்லையேல் பாடம் தேர்வுத்தாளோடு முடியும்.

உளியைப் போற்றுவோர் சிற்பியின் நுரையீரலையும் நினைத்தல் வேண்டும். கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு மருந்தில்லை. கையில் பிடிக்கும் மின்அரவை எந்திரம் உழைப்பைக் குறைத்தது, நுண்தூசியையோ பெருக்கியது. இந்த இழப்பும் ‘வளர்ச்சி’க் கணக்கில் எழுதப்படுவதில்லை.

எந்திரத்திற்கு உரிய பணி இல்லாமலில்லை. கண்ணகி கோட்டமெனப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அடையாளங்காட்டிய மங்கலதேவிக் கோயில் இடுக்கி – தேனி எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துள் சிதைந்து கிடக்கின்றது. சித்திரைப் பௌர்ணமி ஒருநாளே அடியவர்க்கு வழி திறக்கும். அங்கே சரிந்துள்ள ஒவ்வொரு கல்லையும் முப்பரிமாணத்தில் அளந்து, உளித்தடம் மழையில் கரையுமுன் பதிவுசெய்ய இக்கருவியே தக்கது. சிலை பெருக்கும் பட்டறைக்கு முன்னதாக அக்கருவி செல்ல வேண்டிய இடம் அம்மலைமுடியாகும்.