கிண்டிக்கு ஒரு முப்பது வயதுக்காரர்

மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து எழுதுகிறேன். பல்கலைக்கழகம் கண்ட செட்டியாரின் பெயரைத் தாங்கிய பேட்டை எங்களுடையது. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். அதற்கு முன் ஒரு பழைய கதை.

அடையாற்றைத் தாண்டினால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். 1952இல் அங்கே இயற்பியல் துறைத் தலைவராக வந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். வயது முப்பதுதான். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் முதலில் அழைத்தது சி.வி. ராமனை, ராமன் தம் மாணவரான ராமச்சந்திரனைக் கைகாட்டினார்.

சென்னைக்கு வந்த படிகவியல் அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்றார். தோலிலும் தசைநாணிலும் உள்ள புரதம் அது. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். மாதிரிக்கு அலைய வேண்டியதில்லை. 1954இல் ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து மூவிழை அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். மறு ஆண்டே, மூன்றும் கயிறாக முறுக்கிக்கொண்டிருப்பதாகத் திருத்தினார்.

விஞ்ஞானிகள் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றார்கள். சரி, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமச்சந்திரன் அந்தக் கேள்வியையே ஆராய்ச்சியாக்கினார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு திருப்பக் கோணங்கள் உண்டு. எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் இடித்துக்கொள்ளாது என்று சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் அவரும் மேசைக் கணக்குப்பொறியில் போட்டுப் பார்த்தார்கள். 1963இல் வந்தது அந்த வரைபடம். இன்று உயிர்வேதியியல் பாடநூல்களில் 'ராமச்சந்திரன் வரைபடம்' தவறாமல் இருக்கிறது. ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் ஊகித்துத் தரும் புரத அமைப்பையும் அதில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

1969இல் முதலியார் பதவியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு ராமச்சந்திரன் கிளம்பினார். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை உருவாக்கினார். முதலியார் விலகியதற்கும் இவர் கிளம்பியதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை. நீங்கள் யோசித்துப் பாருங்கள்.

சிலையோ சாலைப் பெயரோ கேட்டு இதை எழுதவில்லை. அதற்கு மனு கொடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இன்றைய பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி பேராசிரியராவதற்குப் பொதுவாகப் பத்தாண்டு அனுபவம் வேண்டும். அந்த விதி அன்றே இருந்திருந்தால், மூன்றாண்டே உதவிப் பேராசிரியராக இருந்த ராமச்சந்திரனின் விண்ணப்ப உறையை யாராவது பிரித்திருப்பார்களா என்பதே சந்தேகம். அந்த விதியை மாற்றும்படி டெல்லிக்கு எழுதுங்கள். அதுவரை, நிரப்பப்படாமல் கிடக்கும் ஆசிரியர் இடங்களில் இளைஞர்களை அமர்த்துங்கள்; ஆய்வகமும் ஐந்தாண்டு நிதியும் சேர்த்துக் கொடுங்கள். முதல் இரண்டாண்டு அறிக்கை கேட்டு அவர்களை அலைக்கழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ராஜா அண்ணாமலைபுரம்வாசி ஒருவர்