உழைப்பும் உடல்நலமும்

உழைப்பவரை நோய் அண்டாது என்பது மக்களிடையே நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கை. கொங்கு நாட்டின் மானாவாரி நிலங்களில் ஏர் பிடித்தும் களை பறித்தும் வாழ்ந்த தலைமுறைக்கு அது பெரிதும் பொருந்தியது. அவர்தம் வழிவந்தோர் பலர் இன்று திருப்பூரின் பனியன் நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். உழைப்பு குறையவில்லை, அதன் தன்மை மாறிவிட்டது. தையல் எந்திரத்தின் முன் கைகள் ஓயாது இயங்க, உடலோ ஓரிடத்திலேயே அமர்ந்திருக்கிறது. ‘ஒன்றரை ஷிப்ட்’ எனப்படும் 12 மணி நேரப் பணியினூடே தேநீரும் வடையுமே பசியாற்றுகின்றன. இரவில் பரோட்டா உணவாகிறது.

இத்தகைய வாழ்க்கைமுறை உடற்பருமனுக்கும் சர்க்கரைநோய்க்கும் வழிகோலுகிறது. அவை தம்மளவில் நின்றுவிடுவதில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பையும் கூட்டுகின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரைநோயின் தொடக்கநிலையில் குருதியில் இன்சுலின் மிகுகிறது. அது குடற்சுவரின் உயிரணுக்கள் பெருகுவதைத் தூண்டக்கூடும். வயிற்றில் சேரும் கொழுப்பு நீடித்த அழற்சியை உண்டாக்குகிறது. நார்ச்சத்துக் குறைந்த உணவும் மதுவும் புகையும் சேரும்போது இடர் மேலும் வளர்கிறது. சர்க்கரைநோயாளர் அனைவருக்கும் இப்புற்றுநோய் வரும் என்பது இதன் பொருளன்று. வாய்ப்பு மிகுகிறது என்பதே பொருள்.

ஜப்பானில் முன்னர் அரிதாக இருந்த இந்நோய், அங்கிருந்து ஹவாய்த் தீவுகளுக்குக் குடிபெயர்ந்தோரிடம் மிகுந்ததை 20ஆம் நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டின. அவர்களின் மரபு மாறவில்லை, வாழ்க்கைமுறையே மாறியது. வயலிலிருந்து எந்திரத்துக்கு மாறிய திருப்பூருக்கும் இது ஓர் எச்சரிக்கையாகும்.

குடலில் தோன்றும் சிறு கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் கண்டறிந்து அகற்றினால் நோயைத் தடுக்கலாம். ஆனால், மலத்தில் குருதி கண்டாலும் உடல்சூடு என்றோ மூலம் என்றோ தாமே முடிவுசெய்து, ஒருநாள் கூலி போகுமே என மருத்துவரிடம் செல்லத் தயங்குவோர் உளர். அத்தயக்கம் கிடைத்த காலத்தை வீணாக்கிவிடுகிறது.

இதற்காகத் தொழிலாளரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. உணவையும் உறக்கத்தையும் பணிநேரமே முடிவுசெய்கிறதெனில், பொறுப்பு பணியிடத்துக்கும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரைநோய்க்கும் உயர் குருதி அழுத்தத்துக்குமான மருந்துகளை இல்லந்தோறும் கொண்டுசேர்க்கிறது. பகற்பொழுதைத் தொழிற்கூடத்திலேயே கழிப்போர்க்குப் பரிசோதனை அங்கேயே கிடைத்தல் வேண்டும். இருக்கையைவிட்டு எழுந்து நடக்க இடைவேளையும், உணவுக்கூடத்தில் இம்மண்ணில் விளையும் கம்பும் சோளமும் கொள்ளும் வேண்டும். இவை சலுகைகள் அல்ல, உழைப்போரின் உரிமைகள்.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. பணி முடிந்து வீடு திரும்பும் பெற்றோரிடம், இறுதியாக எப்போது உடல்நலப் பரிசோதனை செய்துகொண்டீர்கள் என அன்புடன் வினவுதல் வேண்டும். அவ்வினா ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.