முன்பே போட்ட ஆள்

நாங்குநேரியில் முதுகலை தேறிய பிள்ளை ஒருவன், 1990-இல் தொடங்கப்பட்டு அபிஷேகப்பட்டியில் இயங்கிவரும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஏதேனும் ஓர் உத்தியோகத்திற்கு மனுப் போடப்போவதாகப் பிரஸ்தாபித்தால், வானமாமலைப் பெருமாளைச் சேவித்துத் திரும்பும் பெரியவர் ஒருவராவது, "அங்கெல்லாம் ஆள முன்னாலயே போட்டாச்சுல்லா, ஏம்ப்பா ரூவாய வீணாக்குத?" என்று கேட்காமல் விடமாட்டார். பிள்ளையின் மேலுள்ள கரிசனத்தால் பிறக்கும் இந்த அபிப்பிராயம், அவன் மனுவை எழுதுவதற்கு முன்பே கிழித்துப் போடுகிறது என்பதால் இதைச் சற்றே பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

முழுப் பொய் என்று நான் வாதாட வரவில்லை. உதவிப் பேராசிரியர் நியமனத்திற்கு லஞ்சம் வாங்கியதாகக் கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகமொன்றின் துணைவேந்தரே 2018 பிப்ரவரியில் கைதானதைப் பத்திரிகையில் படித்தவன் அப்படி வாதாட முடியாது. ஆயினும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள், தேர்வுக் குழுவில் துணைவேந்தருடன் வேந்தரின் பிரதிநிதியும், பாட நிபுணர் மூவரும், துறைத் தலைவரும் அமரவேண்டும் என்றும், வெளியிலிருந்து வரும் நிபுணர் இருவரேனும் இல்லாமல் குழு கூடலாகாது என்றும் வகுத்திருக்கின்றன. இத்தனை பேர் முன்னிலையில் வேண்டியவன் ஒருவனை உட்கார்த்திவைக்க நினைப்பவனுக்கு, அவனைவிட யோக்கியதை மிக்க நாலு பேர் எதிரே வந்து நிற்பது பெரும் சங்கடம். அந்த நாலு பேரையும் வீட்டிலேயே இருத்திவைக்கும் கைங்கரியத்தை நம் பெரியவர்கள் கூலியில்லாமல் செய்துகொடுக்கிறார்கள்.

"போட்டாச்சு" என்று ஊர் சொல்வதில் பாதி, இனச்சுழற்சியைப் புரிந்துகொள்ளாததால் வருவது. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு ஒதுக்கீடு. ஒரு துறையில் ஓரிடம் காலியானால், சுழற்சியில் அது எந்த வகுப்பாரின் முறையோ அவர்களுக்கே போகும். பிற்படுத்தப்பட்டோர் முறையில் வந்த இடத்தைப் பார்க்காமல் வேறு வகுப்புப் பிள்ளை கட்டணம் கட்டிவிட்டு, பிறகு சதி என்று புலம்புவதுண்டு. விளம்பரத்தின் அந்த ஒரு வரியைப் படித்தால் போதும்.

டாக்டர் பட்டமின்றி நுழைய முடியாது என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை: 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பதவிக்கு தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி; அப்பதவிக்காக அத்தேர்வுகளை எழுத வயது வரம்பும் இல்லை.

தற்காலிகமான கௌரவ விரிவுரையாளர் வேலையைச் சிலர் நிரந்தரப் பதவிக்குப் படிக்கட்டு என்கிறார்கள். மானியக் குழு 2019-இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய்க்கு மிகாமல் என்று சொன்னது. பல இடங்களில் கைக்கு வருவது அதற்கு வெகு கீழே. அதில் வருஷக்கணக்கில் தேங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

உண்மையான தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. நம் அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகமே நடத்துவதாயிருந்த 2024-ஆம் ஆண்டின் செட் தேர்வு தள்ளிப்போய், 2025 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் கையால்தான் நடந்தது. காத்திருந்தவர்களுக்கு அந்த மாதங்கள் திரும்பி வரப்போவதில்லை. நெட் தேர்விலோ, தமிழையே பாடமாக எடுத்தவனும் பொதுவான முதல் தாளை ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோதான் எழுதியாகவேண்டும். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆள் போட்ட கதையை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த முதல் தாளைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.