ஏ.பி.எஸ் விளக்கு அணையவில்லையா?

கேள்வி: சேற்று வழியில் போய் வந்ததிலிருந்து காரில் ஏ.பி.எஸ் விளக்கு எரிகிறது. பிழைக் குறியீட்டை அழித்தால் போதுமா?
- வாசகர், மன்னார்குடி.

பதில்: போதாது. பழுத்த இலையைக் கிள்ளினால் பயிரின் சத்துக்குறை தீராதே! முதலில், மெக்கானிக்கிடம் ஸ்கேனர் வைத்துக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். 'சி0035' என்றால், இடது முன்சக்கர வேக சென்சார் இணைப்பில் கோளாறு. சென்சாரில் சேறு அப்பியிருக்கலாம். ஒயரை எலி கடித்திருக்கலாம். கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். அவற்றைச் சரிசெய்த பிறகே குறியீட்டை அழித்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மறுபடி எரிந்தால் சென்சாரைச் சோதிக்க வேண்டும்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால், ஈரச் சாலையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் நின்று வண்டி வழுக்கும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.