பழைய விமானம், புதுச் சலுகை

நீங்கள் செகண்ட் ஹேண்டில் ஒரு குட்டி ஜெட் விமானம் வாங்கப் போவதில்லை. நானும்தான். பழைய ஸ்கூட்டர் வாங்கவே மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், கிக்கரை நாலு தரம் உதைத்துப் பார்க்கிற ஆட்கள் நாம். ஆனாலும் படியுங்கள். அமெரிக்காவில் இந்த வியாபாரம் நடக்கிற லட்சணத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செஸ்னா சைட்டேஷன் என்று ஒரு சின்ன ஜெட். 1970-களின் தொடக்கத்தில் வந்தது. ஆரம்ப மாடல்கள் ஜெட் என்ற பெயருக்கு ரொம்பவே நிதானம். 'பறவைகள் பின்னாலிருந்து வந்து இடிக்கும்' என்று பைலட்டுகள் கிண்டலடிப்பார்கள். இந்த மாதிரிப் பழைய ஜெட்டை ஒருவர் வாங்குவதில் தப்பே இல்லை. லாக் புக்கைப் புரட்டுவார். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார். சுமார் 3,500 மணி நேரம் ஓடினால் எஞ்சினைப் பிரித்து மேய வேண்டும். ரொம்பப் பழசாக இருந்தால் அந்தச் செலவே விமானத்தின் விலையோடு போட்டி போடும். அது அவர் தலைவலி.

என் சண்டை, பில்லில் ஒரு பங்கை யார் கட்டுகிறார்கள் என்பதில்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பொருளாதாரம் படுத்துக் கிடந்தது. 2002-ல் ஒரு சட்டம் போட்டார்கள். தொழிலுக்காகப் புது இயந்திரம் வாங்கினால், வழக்கமான தேய்மானம் போக, விலையில் 30 சதவீதத்தை முதல் வருடமே வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். விமானமும் இதில் சேர்த்தி. புதுசு வாங்கினால் ஃபேக்டரி ஓடும், நாலு பேருக்கு வேலை. சரி, ஏதோ ஒரு நியாயம்.

2017 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்துப் போட்ட வரிச் சட்டம் அந்த நியாயத்தையும் தூக்கிக் கடாசியது. கழிவு 100 சதவீதம். பழசுக்கும் உண்டு!

கணக்குப் போடுங்கள். 20 லட்சம் டாலருக்கு ஒரு பழைய ஜெட். வாங்கியவர் 37 சதவீத வரி கட்டுகிற பணக்காரர். முழுக்கத் தொழிலுக்குத்தான் என்று காட்டிவிட்டால், முதல் வருடமே 7,40,000 டாலர் வரி மிச்சம். இதனால் யாருக்கு வேலை கிடைத்தது? விசிட்டா ஃபேக்டரியில் அந்த விமானத்துக்கு ரிவிட் அடித்தவர் ரிட்டயராகிப் பேரன் பேத்தி எடுத்திருப்பார்.

'விற்கும்போது வரி உண்டே' என்பார்கள் ஆடிட்டர்கள். உண்டு, மறுக்கவில்லை. அதுவரைக்கும் அது என்னங்க? அரசாங்கம் கொடுத்த வட்டியில்லாக் கடன்தானே! 'பழசை விற்றவர் புதுசு வாங்குவாரே' என்பார்கள். வாங்கட்டும், அந்தப் புதுசுக்கு மட்டும் கொடுங்களேன்.

2023-ல் 80, 2024-ல் 60 என்று சலுகை இறங்கிக்கொண்டே வந்தது. ஒழிந்தது சனியன் என்று நினைத்தால், 2025 ஜூலையில் திரும்பவும் 100 ஆக்கிவிட்டார்கள். இந்தத் தடவை நிரந்தரமாக.

இன்னொரு சமாச்சாரம். அதே 2002 சட்டத்தில் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு சலுகை இருந்தது. வகுப்புக்காகச் சொந்தக் காசில் பேப்பர், பென்சில் வாங்கிப் போடுகிறார்களே, அதில் வருடத்துக்கு 250 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். இருபது வருடம் கழித்து, 2022-ல், மனசு இரங்கி அதை உயர்த்தினார்கள்.

300 டாலராக. ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.