கடைக்குத் தூக்குமுன் கண்ணால் பாருங்கள்





இன்று நான் எழுதப்போவது மடிக்கணினிப் பழுதைப் பற்றி. ‘தமிழாசிரியருக்குக் கணினிப் பழுதோடு என்ன வேலை?’ என்று சிலர் எண்ணக்கூடும். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. அதனால் என் மாணவன் ஒருவன் பதினொரு நாள் பாடத்தை இழந்தான். அந்தக் கடனைத் தீர்க்கவே இதனை எழுதுகிறேன்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பள்ளிகள் மூடப்பட்டு, இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நடந்துகொண்டிருந்த காலம். ஐந்தாம் ஆண்டில் பயின்ற அந்த மாணவன் திடீரென்று இயங்கலை வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டான். தொலைபேசியில் அழைத்தேன். “மடிக்கணினி செத்துப்போச்சு ஐயா. திரை கறுப்பா இருக்கு” என்றார் அவன் தாயார். தொழிற்சாலையில் வேலை செய்பவர். மிச்சம் பிடித்து வாங்கிய பழைய மடிக்கணினி அது. “கடையில் காட்டுங்கள் அம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவனை அழைக்கப் போய்விட்டேன்.

பதினோராம் நாள் மீண்டும் அழைத்தேன். கடைக்காரர் கருவியைப் பார்க்காமல் தொலைபேசியிலேயே, “தாய்ப்பலகை போயிருக்கும், 600 ரிங்கிட் ஆகும்” என்று கூறியிருக்கிறார். அந்த அம்மையாரோ தவணை முறையில் புதியது வாங்கலாமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றுதான் எனக்கு உறைத்தது. பையனைத் தொலைபேசிக்கு அழைத்தேன். “தம்பி, சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறதா? விசிறிச் சத்தம் கேட்கிறதா?” என்றேன். இரண்டும் உண்டு என்றான். “அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைத் திரைமேல் சாய்வாகப் பிடித்துப் பார்” என்றேன். சிறிது நேரம் அமைதி. பிறகு, “ஐயா! உள்ளே மங்கலா படம் தெரியுது!” என்று கத்தினான்.

கணினி சாகவில்லை. திரைக்குப் பின்னிருந்து ஒளி கொடுக்கும் பகுதி மட்டுமே வேலை செய்யவில்லை. வீட்டிலிருந்த ஆஸ்ட்ரோ பெட்டியின் ஹெச்டிஎம்ஐ வடத்தைக் கழற்றி மடிக்கணினியில் செருகச் சொன்னேன். தொலைக்காட்சியில் படம் வந்தது. மறுநாள் காலை அவன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து வகுப்பில் கலந்துகொண்டான். பின்னர் வேறொரு கடையில் திரைக்குச் செல்லும் உள்வடத்தை மாற்றினார்கள். செலவு, முன்பு சொன்ன 600 ரிங்கிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

பதினொரு நாள்களுக்குப் பின் செய்த அந்தக் கைவிளக்குச் சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம் அல்லவா? இந்தக் கேள்வி என்னை இன்றும் குத்துகிறது.

நாம் கற்பிக்கும் அறிவியல் எங்கே போயிற்று?

நம் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் செயற்பாங்குத் திறன்களை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள் உருவாக்குதல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று படிநிலை இரண்டு மாணவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். ஊசலின் கயிற்று நீளத்தை மட்டும் மாற்ற வேண்டும், குண்டின் எடையை மாற்றக்கூடாது என்று தாளில் அழகாக விடை எழுதுவார்கள். அதே மாணவன் வீட்டில் மடிக்கணினி நின்றுவிட்டால், “அப்பா, கெட்டுப்போச்சு” என்பதோடு முடித்துக்கொள்கிறான். அப்பாவும் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார். ஆசிரியராகிய நானும் அதைத்தானே சொன்னேன்!

என் கருத்து இதுதான்: வீட்டில் மடிக்கணினிப் பழுதைக் கண்டறிவது தொழில்நுட்ப வித்தையன்று. அது நாம் வகுப்பறையில் கற்பிக்கும் அறிவியல் முறையே. அதனைப் பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலும் செய்யவேண்டும். எங்கே நிறுத்தவேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்தே கற்பிக்கவேண்டும்.

சில நடைமுறை எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

1. உயிரே இல்லை என்றால்

முதலில் சுவரைச் சந்தேகியுங்கள். அதே மின்செருகியில் மேசை விளக்கைப் பொருத்தி, அது எரிகிறதா என்று பாருங்கள். அடுத்து, ‘சார்ஜர்’ என்று நாம் வழங்கும் மின்னேற்றியைக் கவனியுங்கள். பலவற்றில் சிறு விளக்கு உண்டு, அது எரிகிறதா? சுவருக்கும் மின்னேற்றிப் பெட்டிக்கும் இடையிலுள்ள வடத்தைப் பெரும்பாலும் தனியாகக் கழற்றலாம். வீட்டில் அதே வகை வடம் வேறு இருந்தால் மாற்றிப் பாருங்கள். சில வேளைகளில் பழுது அந்த வடத்தோடு முடிந்துவிடும்.

அதுவும் சரியென்றால், மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, மின்கலத்தை வெளியிலிருந்தே எடுக்க முடிந்தால் அதனையும் எடுத்துவிட்டு, இயக்கும் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்ததும் உயிர்பெறும் கணினிகள் பல உண்டு. இதற்குத் திருப்புளிகூடத் தேவையில்லை.

வேறு மின்னேற்றி வாங்க நேர்ந்தால், அதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். வோல்ட் அளவு பழையதோடு ஒத்திருக்கவேண்டும். ஆம்பியர் அளவு அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. முனை பொருந்துகிறது என்பதற்காக எதையும் செருகிவிடாதீர்கள்.

2. ஓடுகிறது, ஆனால் திரை கறுப்பு என்றால்

கைவிளக்குச் சோதனையை மேலே கூறிவிட்டேன். அடுத்தது தொலைக்காட்சிச் சோதனை. தொலைக்காட்சியில் படம் வந்தால் பழுது பெரும்பாலும் திரையிலோ, அதற்குச் செல்லும் வடத்திலோ இருக்கும். அங்கும் படம் வராமல், ‘பீப்’ ஒலி விட்டுவிட்டுக் கேட்டாலோ, விசைப்பலகை விளக்கு குறிப்பிட்ட முறையில் சிமிட்டினாலோ, அந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த உறுப்பு தவறியது என்று கணினி தானே சொல்லும் குறிப்பு அது. நினைவகம் சரியாகப் பொருந்தாமல் இருப்பதும் இதற்கொரு காரணமாகலாம்.

இதே முறை விசைப்பலகைக்கும் பொருந்தும். சில எழுத்துகள் விழவில்லையா? வேறொரு யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகிப் பாருங்கள். அதில் எல்லா எழுத்துகளும் விழுந்தால், பழுது கணினியின் சொந்த விசைப்பலகையில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

3. சூடேறித் தானாக அணைந்தால்

இதனை நான் வகுப்பில் ஓர் ஆராய்வாகவே செய்யச் சொல்வேன். மெத்தைமேல் வைத்து இயக்கினால் எத்தனை நிமிடத்தில் அணைகிறது? மேசைமேல் வைத்தால் எத்தனை நிமிடம் தாங்குகிறது? இங்கே வைக்கும் இடம் தற்சார்பு மாறி. அணையும்வரை கழியும் நேரம் சார்பு மாறி. ஒரே காணொளி, ஒரே அறை, ஒரே மின்னேற்றி ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். பாடநூலில் உள்ள ஊசலைவிட இது பிள்ளையின் மனத்தில் ஆழமாகப் பதியும்.

மேசையில் தாங்குகிறது என்றால், மெத்தை அடிப்புறக் காற்றுத்துளைகளை அடைத்ததுதான் காரணமென்று ஊகிக்கலாம். மேசையிலும் அணைந்தால் உள்ளே தூசி சேர்ந்திருக்கலாம், விசிறி நின்றிருக்கலாம், விசிறிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். நமது நாட்டின் வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றில் தூசி ஒட்டிப் படிந்துவிடுகிறது. கணினியை அணைத்துவிட்டு, அழுத்தக் காற்றுக் குப்பியால் துளைகளில் விட்டுவிட்டு ஊதலாம். வீட்டுத் தூசியுறிஞ்சியைப் பயன்படுத்தவேண்டா. அதனால் உண்டாகும் நிலைமின் உள்ளுறுப்புகளைக் கெடுக்கலாம்.

இந்த மூன்றிலும் ஒரே விதிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலர் மின்னேற்றியை மாற்றி, மின்கலத்தை மாற்றி, மென்பொருளையும் அழித்து மீண்டும் ஏற்றிவிட்டு, “இப்போது சரியாகிவிட்டது” என்பார்கள். எது சரிசெய்தது என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்றுக்கும் பணம் கொடுத்திருப்பார்கள்.

எங்கே கையெடுக்க வேண்டும்?

துணிவைக் கற்பிக்கும்போது எல்லையையும் கற்பிக்காவிட்டால் அது ஆபத்து.

மின்கலம் உப்பினால் உடனே நிறுத்துங்கள். தொடுதளம் மேலெழும்புவதும், மூடி சரியாக மூடாமல் நிற்பதும், அடிப்பாகம் வீங்குவதும் அதன் அடையாளங்கள். மின்னேற்றக்கூடாது, அழுத்தக்கூடாது, குத்தக்கூடாது. இலித்தியம் மின்கலம் தீப்பற்றக்கூடியது. அதனை வீட்டுக் குப்பையிலும் போடக்கூடாது. மின்கழிவு சேகரிக்குமிடத்தில் ஒப்படைக்கவேண்டும்.

மின்னேற்றிப் பெட்டியை ஒருபோதும் திறக்கக்கூடாது. சுவரிலிருந்து கழற்றிய பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

தே தாரேக் கொட்டிவிட்டதா? பொத்தானை அழுத்திப் பிடித்து உடனே அணையுங்கள், மின்னேற்றியைக் கழற்றுங்கள், நீர் வடியும்படி கவிழ்த்து வையுங்கள். ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று இயக்கிப் பார்ப்பதுதான் பெருங்கேடு. அரிசிக்குள் புதைப்பதாலும் பயனில்லை. உள்ளே புகுந்த நீரை அரிசி இழுக்காது. இனிப்புப் பானம் என்றால் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும்; எறும்பும் வரும். பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்வதே முறை.

வன்தட்டிலிருந்து ‘டக் டக்’ என்ற ஒலி வந்தால், அதனை மீண்டும் மீண்டும் இயக்காதீர்கள். கோப்புகள் திறக்கின்ற நிலையில் இருந்தால் முக்கியமானவற்றை முதலில் படியெடுத்துவிடுங்கள், திறக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். கணினியை மாற்றலாம், குழந்தையின் முதற்பிறந்தநாள் படத்தை எங்கே வாங்குவது?

உத்தரவாதக் காலம் முடியாத கருவியையும், பள்ளியின்வழி கிடைத்த கருவியையும் திறக்கக்கூடாது. 2021ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட ‘செர்டிக்’ திட்டம் 150,000 மாணவர்களுக்குக் கருவி வழங்க முனைந்தது. அத்தகைய கருவி பழுதானால் பள்ளியிடம் தெரிவிப்பதே சரி.

‘இப்போதெல்லாம் திறக்கவே முடியாதே!’

ஒரு நண்பர் இப்படிக் கேட்டார். உண்மைதான். இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மின்கலமும் உள்ளே அடைபட்டிருக்கிறது. ஆனால், நான் மேலே கூறிய சோதனைகளில் எதற்காவது கணினியைத் திறக்கச் சொன்னேனா? கண்ணும் காதும் கைவிளக்கும் ஒரு வடமும் போதும். பழுதைச் சரிசெய்வது வேறு. பழுது எங்கே என்று அறிவது வேறு. முன்னதைக் கடைக்காரரிடம் விட்டுவிடலாம். பின்னது நம்மிடமும் இருக்கவேண்டும்.

இதனால் கடைக்காரர்களை நான் குறைகூறவில்லை. நேர்மையாக உழைப்பவர்கள் பலர் இருக்கின்றனர். “கெட்டுப்போச்சு” என்று மட்டும் சொல்லும் வாடிக்கையாளருக்கு அவர்களும் எதைத்தான் பார்ப்பது? “விசிறி ஓடுகிறது, தொலைக்காட்சியில் படம் வருகிறது, திரையில் மட்டும் வரவில்லை” என்று சொல்பவருக்குக் கிடைக்கும் விடையே வேறு. விலையும் வேறு.

நாம் செய்யக்கூடியது

பெற்றோர்களே, மடிக்கணினிக்கு ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். பழுது நேர்ந்த நாள், அதற்குச் சற்றுமுன் நடந்தது, கேட்ட ஒலி, எரிந்த விளக்கு, செய்து பார்த்த சோதனை ஆகியவற்றைப் பிள்ளையே தமிழில் எழுதட்டும். அறிவியலும் ஆயிற்று, கட்டுரைப் பயிற்சியும் ஆயிற்று.

ஆசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு ஒரு சனிக்கிழமைக் காலை இதற்கென்று ஒதுக்கலாம். பழைய மடிக்கணினி ஒன்றும் தொலைக்காட்சி ஒன்றும் இருந்தால் போதும்.

இல்லிருப்புக் கற்றல் முடிந்துவிட்டது. ஆயினும், இடுபணிக்கும் தேடலுக்கும் நம் பிள்ளைகள் கணினியைத்தான் நாடுகிறார்கள். அது நின்றால் அவர்கள் கல்வியும் நிற்கிறது. வசதியுள்ள வீட்டில் ஒரு நாள் நிற்கும். வசதியில்லாத வீட்டில் பதினொரு நாள் நிற்கும்.

அந்த மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். பக்கத்து வீட்டாரின் மடிக்கணினி நின்றுவிட்டால் கைவிளக்கோடு போய்விடுகிறானாம். அவன் தாயார் சொல்லிச் சிரித்தார். எனக்கு மகிழ்ச்சியும் வெட்கமும் ஒருங்கே வந்தன.