நீர் புகா அங்கி

மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அணியும் உடையைப் பற்றி எழுதுவது தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்குத் தக்கதோ என்று நண்பர் சிலர் நகைத்தனர். நகைத்தவருள் இருவர் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நனைந்த கால்சட்டையோடு வகுப்பிற்கு வந்து, முதற் பாடவேளை முழுவதும் பெஞ்சின் நுனியிலே அமர்ந்திருப்பவர். ஆதலின் அவர்தம் நகைப்பை நான் பொருட்படுத்தவில்லை. என் கருத்தை முன்னரே கூறிவிடுகின்றேன். கழுத்து முதற் கணுக்கால் வரை ஒரே துண்டாய் அமைந்த அங்கியே வண்டியோட்டிக்கு ஏற்றது. ஆயின், நீர் புகாது என்று சொல்லிக் கடைகளில் விற்கப்படுவனவற்றுள் அச்சொல்லுக்கு உரியவை மிகச் சிலவே. அதற்குக் காரணம் துணியன்று, தையலும் ஜிப்புமே.

இவ்வாராய்ச்சியில் நான் இறங்க நேர்ந்த வரலாறு சிறிது வருத்தத்திற்குரியது. என் தமையனார் சென்னையில் மோட்டார் சைக்கிளிற் சென்று வீடுதோறும் பொட்டலங்களைச் சேர்ப்பிக்கும் தொழில் செய்கின்றார். மழை பெய்தால் மக்கள் வெளியே புறப்படாது, வேண்டியவற்றை வீட்டிற்கே வரவழைக்கின்றனர். எனவே ஊரார் ஒதுங்கி நிற்கும் நாட்களே அவருக்கு வருவாய் மிகுந்த நாட்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் அணுகுமுன் சென்னையிற் பெய்த மழையில், அவர் அணிந்திருந்த அங்கியின் உட்பைக்குள் நீர் இறங்கிக் கைப்பேசி கெட்டொழிந்தது. கைப்பேசியின்றி அவருக்கு வேலை வாராது. பத்து நாள் வருவாய் போயிற்று. புதிய கைப்பேசிக்குப் பட்ட கடன் வேறு. அவ்வங்கியை வாங்கிக் கொடுத்தவன் நான். பள்ளியிற் கட்டுரைப் போட்டியொன்றிற் பெற்ற பரிசுப் பணம் முழுவதையும் அதற்கே செலவிட்டிருந்தேன்.

அங்கியை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றேன். கடைக்காரர், "தம்பி, இது வாட்டர்ப்ரூஃப்தான், ஆனா தொடர்ந்து மழையில போனா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்" என்றார். தொடர்ந்து மழையிற் செல்லாதவனுக்கு அவ்வங்கி எதற்கு என்று கேட்க அன்று எனக்கு வாய் எழவில்லை. அதனாலேயே இங்கு எழுதுகின்றேன்.

தமிழில் நனைதல் வேறு, ஊறுதல் வேறு, கசிதல் வேறு, ஒழுகுதல் வேறு. துணியின் மேற்புறம் நீர்பட்டு ஈரமாவது நனைதல். அவ்வீரத்தைத் துணி தன்னுள் வாங்கிக் கனப்பது ஊறுதல். தையலின் ஊசித்துளை வழியே துளித்துளியாய் உள்வருவது கசிதல். ஜிப்பின் இடுக்கில் வரிசையாய் இறங்குவது ஒழுகுதல். நான்கிற்கும் நோய் வேறு, மருந்தும் வேறு. இவையனைத்தையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் மூடிவிடுவது விற்பவருக்கு எளிது. அணிபவருக்கு அதனாற் பயனில்லை.

இக்குறை இன்று நேற்று தோன்றியதன்று. ஸ்காட்லாந்து தேசத்தின் கிளாஸ்கோ நகரத்துச் சார்ல்ஸ் மாக்கின்டாஷ் என்பார், ரப்பரை நாப்தா எண்ணெயிற் கரைத்து இரு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டும் முறைக்கு 1823-இல் காப்புரிமை பெற்றார். துணி நீரைத் தடுத்தது. ஆயின் அதனை அங்கியாக்கத் தையற்காரர் ஊசியால் குத்தினர். குத்திய துளைகளின் வழியே நீர் உட்புகுந்தது. வெயிலிற் பிசுபிசுப்பதும் குளிரில் விறைப்பதுமாகிய ரப்பரின் குற்றத்தைக் கந்தகத்தோடு சூடாக்கி நீக்கும் முறைக்கு அமெரிக்கராகிய சார்ல்ஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றார். துணியின் குற்றம் தீர்ந்தது. தையலின் குற்றம் நின்றது. இருநூறு ஆண்டு கழிந்தும் என் தமையனாரின் மடியில் இறங்கியது அதே ஊசித்துளை நீர்தான்.

மோட்டார் சைக்கிளுக்கென்றே ஒரே துண்டாய் அமைந்த அங்கிகளுட் புகழ்பெற்றது இங்கிலாந்தில் பார்பர் நிறுவனத்தார் 1936-இல் வெளியிட்டது. சவுத் ஷீல்ட்ஸ் என்னும் துறைமுக ஊரில் 1894 முதல் மாலுமிகளுக்கும் மீனவருக்கும் எண்ணெய்த் துணி விற்றவர் அவர். மெழுகேற்றிய பருத்தித் துணியால் அவ்வங்கியை அமைத்து, ஆறு நாள் நடைபெறும் சர்வதேச மோட்டார் சைக்கிள் போட்டியை நினைந்து அதற்கு 'இன்டர்நேஷனல்' என்று பெயரிட்டனர். பின்னர் உலகப்போர்க் காலத்தில், உர்சுலா என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் ஜார்ஜ் பிலிப்ஸ் இவ்வகை அங்கியையே மேற்சட்டை, கால்சட்டை என இரு துண்டாக மாற்றித் தம் கப்பலாருக்கு அணிவித்தார்.

இரு துண்டே சிறந்தது என்போர் இதனை எடுத்துக்காட்டக் கூடும். ஆனால், கப்பலின் மேல்தளத்திற் காவல் புரிபவன் நிற்கின்றான், வண்டியோட்டி அமர்ந்திருக்கின்றான். நிற்பவனுக்கு மேற்சட்டை கால்சட்டையின் மேல் தாழ்ந்து தொங்கும். நீர் வழிந்து கீழே போம். அமர்ந்து முன்சாய்ந்து கைகளை நீட்டியவனுக்கோ மேற்சட்டை இடுப்பிலிருந்து மேலேறும்; பின்புறம் வாய் திறக்கும். முன்சக்கரம் வாரியிறைக்கும் நீரும் எதிர்காற்றும் அவ்வழியை நன்கறியும். இடுப்பில் வாயே இல்லாத உடை ஒரே துண்டாய் அமைந்தது ஒன்றே. தலை வழியே மாட்டிக்கொள்ளும் போர்வையங்கிகளைப் பற்றி நான் விரிக்கப் போவதில்லை. அவை காற்றிற் பறந்து சக்கரத்தில் சிக்குமாயின் உயிருக்கே கேடு. வயல் வேலைக்குக் கோணியை மடித்துத் தலையிற் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணி அவற்றினும் நன்று. அஃது எவரையும் ஏமாற்றுவதில்லை.

இனி, கடைகளில் தொங்கும் அங்கிகளின் சீட்டில் 5,000 என்றும் 10,000 என்றும் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். துணியின்மேல் அத்தனை மில்லிமீட்டர் உயரம் நீரை நிறுத்தினாலும் அது தாங்கும் என்பது அதன் பொருள். பத்து மீட்டர் உயர நீரைத் தாங்கும் துணி மழைக்குத் தோற்குமோ என்று மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிடுகின்றோம். பௌதிகம் பயிலும் என் அறைத்தோழரோடு அமர்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன்மேல் எதிர்காற்று அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீருக்குச் சமம். 60 கிலோ எடையுள்ளவன் ஒரு சதுர அடிப் பரப்பில் அமர்ந்தால், அவ்விடத்து அழுத்தம் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் நீருக்குச் சமம். காற்றினும் இருக்கையே முப்பத்தெட்டு மடங்கு பெரிய பகை என்பது எங்களுக்கு வியப்பாயிருந்தது. அவ்வாறாயினும், 2,000 என்னும் எண்ணுடைய எளிய துணியே இவ்விரண்டையும் தாங்கப் போதுமே! நாம் விலை கொடுப்பது துணியின் எண்ணுக்கு. நம்மை நனைப்பது எண்ணிடப்படாத தையல்.

நீர் இறங்கும் இடம் பெரும்பாலும் மடியே. தொடையிரண்டிற்கும் பெட்ரோல் டாங்கிக்கும் நடுவே ஒரு கிண்ணம் போன்ற பள்ளம் உண்டாகின்றது. மார்பில் வழியும் மழையெல்லாம் அதில் வந்து தேங்குகின்றது. நேராய் இறங்கும் ஜிப்பின் முனையும், இரு கால்களின் தையல்களும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமிடமும் சரியாக அப்பள்ளத்திலேயே அமைகின்றன. ஏரியின் நடுவிலே மதகை வைத்துவிட்டுக் கரையை உயர்த்துவது போன்ற வேலை இது. ஐரோப்பியர் வகுத்துள்ள ஈ.என். 343 என்னும் மழையுடை நியதியில், உருவபொம்மைக்கு முழு உடையை அணிவித்து மேலிருந்து நீர் பொழிந்து சோதிக்கும் முறையும் சொல்லப்பட்டுள்ளது. ஆயின் அது கட்டாயமன்று. அப்பொம்மையும் நிற்கின்றதேயன்றி அமர்வதில்லை.

'மூச்சுவிடும்' துணி என்று உயர்ந்த விலைக்கு விற்கப்படுவதைப் பற்றியும் கூறவேண்டும். அமெரிக்கராகிய பாப் கோர் என்பார் 1969-இல் டெஃப்லான் இனத்துப் பொருளைச் சூடாக்கித் திடீரென இழுத்து, நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலத்தை உண்டாக்கினார். பின்னர் அதனாற் செய்த மழையுடை விற்பனைக்கு வந்தது. நீர்த்துளி புகாது, வியர்வையின் ஆவி வெளியேறும். அருமையான கண்டுபிடிப்பே, குறை கூற நான் யார்? ஆயின் ஆவி தானே வெளியேறுவதன்று. உள்ளும் புறமுமுள்ள ஆவியழுத்த வேறுபாடே அதனைத் தள்ளுகின்றது. 10 பாகை வெப்பமுள்ள ஆங்கிலநாட்டு மழையில் இருக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியே 25 பாகையுள்ள சென்னை மழையில் உண்டு. மேலும், புறத்துணி ஊறிவிட்டால் துளைகளின் மேல் நீர்ப்படலம் மூடிக்கொள்ளும். குளிர்நாட்டிற்குச் செய்த நுட்பத்தை நம் வெப்பத்தில் பன்மடங்கு விலைக்கு வாங்குவது நட்டம் என்றே நான் நினைக்கின்றேன். தடித்த பூச்சுத் துணியும், உட்புறம் வெப்பத்தால் ஒட்டப்பட்ட டேப்பும், கழுத்திலிருந்து ஒரு தொடையின் பக்கமாகச் சாய்ந்திறங்கி இரட்டை மடிப்பால் மூடப்படும் ஜிப்பும் இருந்தால் நமக்குப் போதும். வியர்க்கும், வியர்க்கட்டும்.

என் தமையனார் இவ்வளவு எளிதில் உடன்படவில்லை. ஒரே துண்டாயிருப்பதை மேம்பாலத்தடியில், நெருக்கும் வண்டிகளுக்கிடையே, செருப்பைக் கழற்றிக் கால் மாற்றிக் கால் நுழைத்து அணிவது எளிதோ என்றார். மூன்றாம் மாடிக்குப் பொட்டலத்தோடு ஏறும்போது வேகிறது என்றார். சிறுநீர் கழிக்கும் இடர் ஒன்றையும் கூறினார். மலரின் மதிப்புக் கருதி அதனை விரிக்காது விடுகின்றேன். இவை உண்மையான குறைகளே. கால்களின் வெளிப்புறம் முழங்கால் வரை திறக்கும் சிறு ஜிப் இருந்தால் முதற்குறை பாதி தீரும், மற்றவை தீரா. மழையில் அவரை அனுப்பிப் பொருள் ஈட்டுவோர் அவ்வுடையைத் தாமே நல்கக் கூடாதோ என்பதும் என் வினா. பொட்டலத்திற்கு நீர் புகாப் பை கொடுக்கத் தெரிந்தவர்க்கு, சுமப்பவனுக்குக் கொடுக்கத் தெரியாதிருக்குமோ?

சென்ற விடுமுறையில் வீட்டு முற்றத்தில் ஒரு சோதனை செய்தோம். கசிந்த பழைய அங்கியின் தையல்களிற் பஞ்சர்க்கடைச் சொலூஷனைப் பூசியிருந்தோம். அண்ணன் பனியனின் மேல் செய்தித்தாளைச் சுற்றி, அதன்மேல் அங்கியை அணிந்து, நிறுத்திய வண்டியின்மேல் அமர்ந்தார். வியர்வையையும் மழைநீரையும் பிரித்தறியும்பொருட்டு நீரில் வெளுப்புநீலம் கலந்து, பூவாளியால் அரைமணி நேரம் ஊற்றினேன். தண்ணீர் பாழாகின்றதென்று அம்மா திண்ணையிலிருந்து ஏசிக்கொண்டிருந்தார்கள். கழற்றியபோது, மடியிலே ஜிப்பின் முனைக்கு நேரே, ஐந்து ரூபாய் நாணயத்தளவு நீலம். சொலூஷன் பூசிய தையல்கள் அன்று தாங்கின. மறுவாரமே உரிந்து வந்தன.

பின்னர், கேட்டுக் கேட்டு அலைந்து, சாய்ந்த ஜிப்புடைய வேறோர் அங்கியை அண்ணன் தம் மூன்று நாள் வருவாய் கொடுத்து வாங்கினார். அதற்கும் அரைமணி நேரம் ஊற்றினேன். தாள் வியர்வையில் தொப்பென்று நனைந்திருந்தது; நீலம் ஒரு பொட்டும் இல்லை. இவ்வாறு அமர்ந்து பார்க்க ஒரு வாளி நீரும் ஒரு முக்காலியும் கடைக்காரர் வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? சீட்டிலே துணியின் எண்ணுக்குப் பதிலாக, 'அமர்ந்த நிலையில் இத்தனை மணி நேரம்' என்று செய்வோர் அச்சிட்டால் என்ன?

அண்ணன் அவ்வங்கியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டார். பேருந்து நிலையத்தில், "கைப்பேசியை இனி உட்பையில் அச்சமின்றி வைக்கலாமே, அண்ணா" என்றேன். "வைப்பேன்டா, பாலித்தீன் உறையில சுத்தித்தான் வைப்பேன்" என்றார்.